வெளிநாட்டுல எம்பிபிஎஸ்: போற டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி திரும்பி வர்ற கணக்கைப் போடுங்க

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து வந்தது. எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. எங்க ஊர்ப் பக்கம்னா வன்னியம்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்து வட்டாரம். "அண்ணா, நீட் பாஸ் ஆயிட்டேன். ஆனா இங்க சீட் கிடைக்கிற மார்க் இல்ல. ஜார்ஜியா போகலாமா, கிர்கிஸ்தான் போகலாமா? எது செலவு கம்மி?" இதான் கேள்வி.

நான் டாக்டர் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன், கோடு எழுதுறவன். ஆனா இந்தக் கேள்விக்கு உண்டான விதிமுறைகளை உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுக்கு அப்புறம் எனக்குத் தோணினது ஒண்ணுதான்: "எந்த நாடு?"ங்கிறது முதல் கேள்வியே இல்ல. "திரும்பி வந்து நம்ம ஊரு ஆஸ்பத்திரியில நோயாளி முன்னாடி டாக்டரா நிக்க முடியுமா?"ங்கிறதுதான் முதல் கேள்வி. அங்க இருந்து பின்னாடி நடந்து வந்தா, எந்த நாடு, எந்தக் காலேஜ், என்ன கொண்டு போகணும், முதல் வருஷம் என்ன பண்ணணும் எல்லாத்துக்கும் பதில் தானா வந்துடும்.

ஏன் இவ்வளவு பேர் போறாங்க?

2025 நீட் தேர்வை 22 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. தகுதி பெற்றவங்க 12 லட்சத்துக்கும் மேல. நாடு முழுக்க எம்பிபிஎஸ் சீட் சுமார் 1.2 லட்சம்தான். அதுல ஏறக்குறைய பாதி தனியார் சீட். தகுதி வந்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்குத்தான் இடம். தனியார் காலேஜ் கட்டணத்தைக் கேட்டா நடுத்தரக் குடும்பத்துக்குத் தலை சுத்தும்.

நம்ம மாவட்டத்துல நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. 2022 ஜனவரி 12-ம் தேதி தமிழ்நாட்டுல 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாள்ல திறந்தாங்க. அதுல விருதுநகரும் ஒண்ணு, 150 சீட். அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துப் பசங்களுக்குப் பக்கத்து அரசுக் கல்லூரின்னா மதுரை, இல்லன்னா திருநெல்வேலி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் 2020-ல இருந்து இருக்கு. அரசுப் பள்ளியில படிச்சவங்க வெளிநாடு பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கதவைத் தட்டிட்டு வாங்க. அதுக்கும் அப்புறம்தான் மத்த பேச்சு.

கடைசிப் படியில இருந்து ஆரம்பிப்போம்

நாங்க ஒரு சாஃப்ட்வேர் செய்யும்போது, அது கடைசியில எந்த மெஷின்ல ஓடணும்னு முதல்லயே கேட்டுக்குவோம். இல்லன்னா என் லேப்டாப்ல மட்டும் ஓடுற ஒண்ணைச் செஞ்சு வெச்சுட்டு முழிப்போம். வெளிநாட்டு டிகிரியும் அப்படித்தான். அந்த நாட்டுல அது டிகிரி. இந்தியாவுல அது லைசென்ஸா மாறணும்.

வழி இதுதான். நீட் பாஸ் பண்ணணும். 2018-ல இருந்து வெளிநாட்டுல மருத்துவம் படிக்கப் போறவங்களுக்கும் இது கட்டாயம், மதிப்பெண் 3 வருஷம் செல்லும். அப்புறம் வெளிநாட்டுப் படிப்பு. அப்புறம் அங்கேயே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ தேர்வு. அப்புறம் இங்க இன்னொரு 12 மாச இன்டர்ன்ஷிப். அதுக்கு அப்புறம்தான் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு மருந்து எழுதலாம்.

இந்த வழியை எழுதி வெச்சிருக்கிறது தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்எம்சி. 2021 நவம்பர் 18-ல அவங்க ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க. அதுக்கு அப்புறம் சேர்ந்தவங்க எல்லாருக்கும் அது பொருந்தும். அதுல இருக்கிற முக்கியமான நிபந்தனைகளை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க.

படிப்பு குறைஞ்சது 54 மாசம் இருக்கணும். அதுக்கு மேல 12 மாசம் இன்டர்ன்ஷிப், அதே காலேஜ்ல. பாடம் ஆங்கிலத்துல நடக்கணும். மொத்தப் படிப்பும் ஒரே நிறுவனத்துல முடியணும். ரெண்டு வருஷம் ஒரு நாடு, மூணு வருஷம் இன்னொரு நாடு கிடையாது. படிச்ச நாட்டுல, அந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சமமா மருத்துவம் பார்க்கிற லைசென்ஸ் வாங்குற தகுதி அந்த டிகிரிக்கு இருக்கணும். எல்லாம் சேர்ந்து, சேர்ந்த நாள்ல இருந்து 10 வருஷத்துக்குள்ள முடியணும்.

இதுல ஒண்ணு தவறினாலும் ஆறு வருஷம் படிச்ச டிகிரி இங்க வெறும் பேப்பர். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'ங்கிற பேச்சே இல்ல.

பிலிப்பைன்ஸ் உதாரணம் பாருங்க. தமிழ்நாட்டுப் பசங்க நிறைய பேர் அங்க போனாங்க. ஆங்கிலம் புழங்குற நாடு, நம்ம ஊரு மாதிரி வெயில், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். ஆனா அங்க முதல்ல பிஎஸ்னு ஒரு முன்படிப்பு, அப்புறம் எம்டின்னு மருத்துவப் படிப்பு. அந்த எம்டி வழக்கமா 4 வருஷம், அதாவது 48 மாசம். முன்படிப்பை என்எம்சி மருத்துவப் படிப்பா கணக்குல எடுக்கல. அப்ப 54-க்கு 6 மாசம் குறையுது. அந்த ஆறு மாசம்தான் நிறைய குடும்பங்களோட தூக்கத்தைக் கெடுத்துச்சு.

அதனால ஏஜென்ட் நோட்டீஸ்ல 'என்எம்சி அப்ரூவ்டு'னு போட்டிருந்தா உஷாராகிடுங்க. வெளிநாட்டுக் காலேஜ்களுக்கு அங்கீகாரம் கொடுத்துப் பட்டியல் போடுற வேலையை என்எம்சி செய்யுறது இல்ல. அவங்க நிபந்தனைகளைச் சொல்றாங்க. காலேஜ் அதுக்குப் பொருந்துதான்னு பார்க்கிறது உங்க பொறுப்பு. உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியல்ல பேர் இருக்குன்னு சொல்லுவாங்க. அந்தப் பட்டியல்ல பேர் இருந்தா அப்படி ஒரு காலேஜ் இருக்குன்னு அர்த்தம். அங்க படிச்சா இந்தியாவுல லைசென்ஸ் கிடைக்கும்னு அர்த்தம் இல்ல.

ஏஜென்ட்கிட்ட நாலு கேள்வி கேளுங்க, பதிலை காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுத்துல வாங்குங்க. மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாசம்? இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரியில, எத்தனை மாசம்? அந்த நாட்டு லைசென்ஸ் எங்களுக்குக் கிடைக்குமா, அதுக்கு என்ன தேர்வு? உங்க காலேஜ்ல படிச்சு எஃப்எம்ஜிஇ பாஸ் ஆன ரெண்டு பேர்கிட்ட என்னைப் பேச வைப்பீங்களா? நாலாவது கேள்விக்கு மழுப்பினாங்கன்னா அங்கேயே எழுந்து வந்துடலாம்.

2022 பிப்ரவரி சொல்லிக் கொடுத்தது

2022 பிப்ரவரி 24-ம் தேதி உக்ரைன்ல போர் ஆரம்பிச்சப்ப அங்க சுமார் 18,000 இந்திய மாணவர்கள் இருந்தாங்க, பெரும்பாலும் மருத்துவம். 'ஆபரேஷன் கங்கா' மூலமா கூட்டிட்டு வந்தாங்க. தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,800 பேருக்கு மேல வந்தாங்க. கார்கீவ்ல சாப்பாட்டுப் பொருள் வாங்க வெளிய வந்த கர்நாடக மாணவர் ஒருத்தர் மார்ச் 1-ம் தேதி குண்டுவீச்சுல இறந்துபோனார்.

உயிரோட வீட்டுக்கு வந்தவங்களுக்கு அடுத்த பிரச்சினை ஆரம்பிச்சது. இந்தியக் காலேஜ்கள்ல சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டாங்க. அதுக்கு விதி இடம் கொடுக்கல. 2022 செப்டம்பர்ல, வேற நாட்டுல தற்காலிகமா படிச்சு உக்ரைன் காலேஜ் டிகிரியே வாங்கிக்கலாம்னு அந்த மாணவர்களுக்கு மட்டும் விலக்கு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2023-ல, கடைசிக் கட்டத்துல இருந்தவங்களுக்கு இந்தியாவுலயே ஒரே ஒரு முறை எம்பிபிஎஸ் இறுதித் தேர்வு எழுத வாய்ப்பு கொடுக்கிறோம்னு மத்திய அரசு சொல்லிச்சு. ஆனா பாஸ் ஆனா இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம்.

சீனாவுல படிச்சவங்க கதையும் இதே மாதிரிதான். 2020 ஆரம்பத்துல கொரோனாவுக்கு லீவுல வந்தவங்க, 2022 ஆகஸ்ட் வரைக்கும் திரும்பிப் போக முடியாம வீட்டுல உட்கார்ந்து மொபைல்ல அனாடமி படிச்சாங்க. அவங்களுக்கும் நேர்ல வார்டு பார்க்காத குறையை ஈடுகட்டக் கூடுதல் பயிற்சி வந்து சேர்ந்தது. 2024 மே மாசம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்ல வெளிநாட்டு மாணவர் ஹாஸ்டல்களைக் கும்பல் தாக்கினப்போ, இந்தியத் தூதரகம் எல்லாரையும் அறையை விட்டு வெளிய வராதீங்கன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு.

போகாதீங்கன்னு பயமுறுத்த இதைச் சொல்லல. இடையில எது நடந்தாலும் உங்ககிட்ட ஆதாரம் இருக்கணும், அதுக்காகச் சொல்றேன். போய் இறங்கின வாரமே இந்தியத் தூதரகத்துல பேரைப் பதிவு பண்ணுங்க. வருஷா வருஷம் மதிப்பெண் பட்டியல், வகுப்பு நேர்ல நடந்ததுக்கான சான்று, கட்டணம் கட்டின ரசீது எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வீட்டுல ஒரு பிரதி வையுங்க. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பாஸ்போர்ட்ல விழுற முத்திரையும் ஒரு சாட்சி. எத்தனை நாள் அங்க இருந்தீங்கன்னு பின்னாடி அதை வெச்சுத்தான் கேப்பாங்க.

வகுப்பு ஆங்கிலம், வார்டு ஆங்கிலம் இல்ல

தகவமைப்புன்னு சொன்னதும் எல்லாரும் குளிரையும் சாப்பாட்டையும் பேசுவாங்க. அது ரெண்டும் மூணு மாசத்துல பழகிடும். பழகாத ஒண்ணு இருக்கு: மொழி.

பேராசிரியர் ஆங்கிலத்துல பாடம் எடுப்பார். மூணாவது வருஷம் ஆஸ்பத்திரிக்குள்ள போனா கட்டில்ல படுத்திருக்கிற பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. கிர்கிஸ்தான்னா ரஷ்ய மொழியோ கிர்கிஸ் மொழியோ, ஜார்ஜியான்னா ஜார்ஜிய மொழி. மொழி தெரியலைன்னா வார்டுல பின்னாடி நின்னு வேடிக்கை பார்த்துட்டு வரலாம், அவ்வளவுதான். மருத்துவத்துல பாதி, நோயாளி சொல்றதைக் கேட்கிறதுதான். எப்ப ஆரம்பிச்சது, எங்க வலிக்குது, சாப்பிட்டா கூடுதா குறையுதான்னு கேட்கணும். ஆறு வருஷம் கேட்காமலே படிச்சு முடிச்சவருக்கு டிகிரி இருக்கும், நோயாளியைத் தொட்டுப் பார்த்த அனுபவம் இருக்காது.

அதனால அந்த ஊர் மொழியை மார்க்கெட்ல காய் வாங்குறதுக்குப் படிக்காதீங்க, வார்டுக்காகப் படிங்க. முதல் வருஷமே தினம் பத்து சொல். உடம்பு உறுப்புகள், வலி வகைகள், நாள் கணக்கு. ரஷ்ய மொழியில "க்தியே பலீத்?"னா "எங்க வலிக்குது?" இந்த ஒரு கேள்வியில ஆரம்பிக்கலாம். இந்தியப் பசங்க மட்டும் தங்குற ஹாஸ்டல், நம்ம சமையல், ராத்திரி தமிழ்ப் படம்னு அப்படியே ஒரு குட்டி ராஜபாளையத்தை அங்க கட்டிக்கிறது ஆறுதலாத்தான் இருக்கும். ஆனா வாரத்துல கொஞ்ச நேரமாவது உள்ளூர் நண்பர்களோட இருங்க.

தேர்வு முறையும் வேற. பழைய சோவியத் நாடுகள்ல நிறைய தேர்வு வாய்மொழியா நடக்கும். மேஜை மேல கவிழ்த்து வெச்ச சீட்டுகள்ல ஒண்ணை எடுக்கணும், அதுல இருக்கிற கேள்விகளுக்கு ஆசிரியர் முன்னாடி உட்கார்ந்து வாயால பதில் சொல்லணும். ஒரு வகுப்புக்குப் போகலைன்னா 'அத்ரபோத்கா'னு தனியா அந்தப் பாடத்தை ஈடுகட்டணும். பிளஸ் டூ மாதிரி கடைசி மாசம் மனப்பாடம் பண்ற வித்தை அங்க எடுபடாது. தினமும் படிக்கிறவங்களுக்கு அது நல்ல முறை. ஆனா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, இப்ப அதைச் சொல்றேன்.

எஃப்எம்ஜிஇ: முதல் வருஷத்துலயே ஆரம்பிக்கிற தேர்வு

வெளிநாட்டுல படிச்சவங்களுக்கான இந்தத் தகுதித் தேர்வு 2002-ல இருந்து இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன், டிசம்பர். 300 கேள்வி, எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. 150 நிமிஷத்துல 150 கேள்வி, இப்படி ரெண்டு பகுதி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. 150 எடுத்தா பாஸ். கேட்க சுலபமா இருக்கு, இல்ல? 2024 ஜூன்ல எழுதினவங்கள்ல ஏறக்குறைய ஐந்துல ஒருத்தர்தான் பாஸ். 2025 ஜூன்ல அதுக்கும் கம்மி, 18.6 சதவீதம்.

ஏன்? அவங்க எல்லாரும் மக்குன்னு அர்த்தம் இல்ல. ஆறு வருஷம் வாயால பதில் சொல்லிப் பழகினவங்க, திடீர்னு நிமிஷத்துக்கு ஒரு கேள்விக்கு டிக் அடிக்கணும். இன்னொரு பக்கம், கேள்வித்தாள் இந்தியாவோடது. சமூக மருத்துவத்துக்கு 30 மார்க். மகப்பேறு மருத்துவத்துக்கு எவ்வளவோ அதே அளவு. அதுல நம்ம நாட்டுத் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம் எல்லாம் வரும். சட்ட மருத்துவம் 10 மார்க், அதுல இந்தியச் சட்டம். திபிலிசியில இருக்கிற பேராசிரியர் இதையெல்லாம் ஏன் எடுக்கப் போறார்? பாம்புக்கடி, டெங்கு, உண்ணிக் காய்ச்சல்: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற நம்ம ஊர் ஆஸ்பத்திரியில இதெல்லாம் சாதாரணம். பனி பெய்யுற ஊர் வார்டுல இதைப் பார்க்கிறது அபூர்வம்.

அதனால சூட்கேஸ்ல பருப்புப் பொடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல இந்தியப் பாடப் புத்தகங்களையும் வையுங்க. முக்கியமா சமூக மருத்துவம். அந்த வருஷம் அங்க எந்தப் பாடம் நடக்குதோ, அதே பாடத்துல இந்தியக் கேள்விகளை வாரத்துக்கு ஐம்பது போடுங்க. முடிச்சுட்டு வந்து ஆறு மாச கோச்சிங்ல எல்லாத்தையும் பிடிச்சுடலாம்னு நினைக்காதீங்க. 19 பாடம் இருக்கு. எஃப்எம்ஜிஇக்குப் பதிலா நெக்ஸ்ட் தேர்வு வரும்னு 2019 சட்டத்துலயே இருக்கு. அது எப்ப வந்தாலும் இந்தப் பழக்கம் வீணாகாது.

கடன் கணக்கு

இதை அப்பா அம்மாவையும் பக்கத்துல உட்கார வெச்சுக் கேளுங்க. கல்விக் கடன்ல வழக்கமா படிப்புக் காலம், அதுக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். இப்ப நம்ம வழியைத் திரும்பப் பாருங்க. 54 மாசம், 12 மாசம், சேர்த்தா 66 மாசம், அஞ்சரை வருஷம். திரும்பி வந்து எஃப்எம்ஜிஇக்குக் காத்திருக்கிறது, எழுதுறது. முதல் தடவையே பாஸ் ஆனாலும் அடுத்து ஒரு வருஷ இன்டர்ன்ஷிப், அதுக்கு இடம் கிடைக்கணும். ஒவ்வொரு காலேஜும் தன்னோட சீட்டுல 7.5 சதவீதம் வரைக்கும்தான் வெளிநாட்டுல படிச்சவங்களைக் கூடுதலா எடுத்துக்கலாம். ஆக, முழுச் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே வங்கித் தவணை வந்துடும். அந்த இடைவெளிக்கு ரெண்டு வருஷச் செலவு கையில இருக்கணும். பாட்டியோட நகை, ஊருணிப் பக்கத்து நிலம்னு எல்லாத்தையும் முதல் வருஷக் கட்டணத்துக்கே வித்துட்டா கடைசி ரெண்டு வருஷம் திணறும்.

தேர்வுல தவறினா, கமுக்கமா ஏதாவது கிளினிக்ல 'டியூட்டி டாக்டரா' உட்காரச் சொல்லிச் சிலர் கூப்பிடுவாங்க. லைசென்ஸ் இல்லாம மருத்துவம் பார்க்கிறது குற்றம். ஒரு கேஸ் விழுந்தா மொத்த வாழ்க்கையும் அதுக்குள்ள போயிடும்.

மனசு

குளிர்காலத்துல சில ஊர்கள்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். வெயில்ல வளர்ந்த உடம்பு அது. காரணமே தெரியாம சோர்வா இருக்கும், அழுகை வரும். மதியம் ஒரு மணி நேரமாவது வெளிய நடங்க. கல்லூரி டாக்டர்கிட்ட வெட்கப்படாம சொல்லுங்க. நம்ம ஊர்ல சும்மா மெடிக்கல்ல வாங்குற சில இருமல் மருந்து, வலி மாத்திரை சில நாடுகள்ல போதைப்பொருள் சட்டத்துல வரும். ஜார்ஜியா இதுல ரொம்பக் கண்டிப்பு. எந்த மருந்து கொண்டு போனாலும் டாக்டர் சீட்டோட போங்க, அந்த நாட்டு விதியைப் பார்த்துட்டுப் போங்க.

நேரக் கணக்கு ஒண்ணும் பெரிய தடை இல்ல. ஜார்ஜியா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, கிர்கிஸ்தான் அரை மணி முன்னாடி, பிலிப்பைன்ஸ் ரெண்டரை மணி முன்னாடி. தினம் வீட்டுக்குப் பேசலாம். ஆனா "நல்லா இருக்கேம்மா"வை மட்டுமே ஆறு வருஷம் சொல்லாதீங்க. வீட்டுல ஒரே ஒருத்தர், அக்காவோ சித்தப்பாவோ, அவங்ககிட்ட மட்டுமாவது பெயிலானதையும் சேர்த்து உண்மையைச் சொல்ற ஏற்பாடு பண்ணிக்கோங்க. பெற்றோருக்கும் ஒண்ணு: பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட "என் பொண்ணு டாக்டர்"னு முதல் வருஷமே சொல்லிட்டு வராதீங்க. அந்தப் பாரத்தைப் பிள்ளைதான் தூக்குது.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில தறியில பேண்டேஜ் துணி நெய்றாங்க. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள்ல காயத்துக்குக் கட்டுறது அந்தத் துணி. அந்தத் தறிக்காரர் ஒருநாள் காலைல "டாக்டர், மேலுக்கு முடியல, கால் உளையுது"ன்னு வந்து நிப்பார். அது எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்லாத மொழி. உங்களுக்கு மட்டும் அது பிறந்ததுல இருந்து தெரியும். அவரைப் பார்க்கிற உரிமை உங்க கையில இருக்கணும். தங்கச்சி, நீங்க கேட்ட "எது செலவு கம்மி?"க்கு என் பதில்: அந்த உரிமை வரைக்கும் கொண்டு போய் விடாத காலேஜ், இலவசமா கொடுத்தாலும் செலவு ஜாஸ்தி.

கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.